மணலும் வேரும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருதல் வேண்டுமென மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்தது சங்க இலக்கியத்தைப் பற்றியோ சைவத்தின் மாண்பைப் பற்றியோ ஒரு கட்டுரையாக இருந்திருத்தல் கூடும். நாமோ மீன்தொட்டி ஒன்றைப் பற்றி எழுதத் துணிந்தோம். கல்லூரி நூல்நிலையத்தின் வடக்குச் சாளரத்தருகே நிற்கும் கண்ணாடித் தொட்டியைக் காணும் பழைய மாணவர் பலர், "இதை வைத்தவர் யார்? இச்செடிகள் மெய்யானவைதாமா?" என்று வினவிச் செல்கின்றனர். நின்ற நிலையிற் சொல்லும் விடை அவர்களுக்குப் போதாது. அத்தொட்டியை அமைத்த காலத்தில் நாம் செய்த பிழைகளும், அவற்றாற் கற்றனவும் தொட்டியின் நான்கு கண்ணாடிகளுக்குள் அடங்குவன அல்ல. ஆதலின் அவற்றை ஒளியாது எழுதிவைத்தல் கடன் எனக் கருதினோம்.

2021ஆம் ஆண்டின் இறுதியில், கொரோனா நோய்த்தொற்றினால் நெடுநாள் மூடிக்கிடந்த பாடசாலைகள் மீண்டும் திறக்கப்பட்ட காலத்தில், பழைய மாணவர் சிலர் ஒன்றுகூடி அத்தொட்டியைக் கல்லூரிக்கு அளித்தனர். நீளம் மூன்றடி, அகலம் ஓரடி, உயரம் ஒன்றரை அடி. விளிம்புவரை நிரப்பினால் ஏறக்குறைய 125 இலீற்றர் நீர் கொள்ளும். அந்நீரின் நிறைமட்டும் 125 கிலோகிராம் ஆகும். விஞ்ஞான கூடத்தில் அதற்கு இடமில்லை. அலுவலகத்தில் அச்சுமையைத் தாங்கும் மேசை இல்லை. நூல்நிலையப் பொறுப்பு எம்மிடம் இருந்தமையால் ஈற்றில் தொட்டியும் எம்மிடம் வந்து சேர்ந்தது. கடையில் விற்கும் பிளாஸ்டிக் செடிகள் நான்கினையும் நிறந்தீட்டிய கற்களையும் இட்டு, இரண்டு மீன்களை விட்டு, பொறுப்பைக் கழித்துவிடவே முதலில் எண்ணினோம்.

அவ்வெண்ணத்தை மாற்றியது ஒரு தமிழ்ப் பாடவேளை. நீர் வற்றியதும் குளத்தை விட்டகலும் பறவைகளையும், வற்றிய பின்னும் அக்குளத்தோடு ஒட்டிக் கிடக்கும் கொட்டி, ஆம்பல், நெய்தல் என்பவற்றையும் காட்டி, உறவாவார் யாவர் என உணர்த்தும் செய்யுளொன்று ஔவையாரின் மூதுரையில் உண்டு. அதனை விளக்கிக்கொண்டிருந்தபொழுது முன்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "கொட்டி எண்டால் என்ன, சேர்?" என்று கேட்டான்.

"அஃது ஒருவகை நீர்த்தாவரம்" என்று விடை பகர்ந்தோம்.

'ஒருவகை' என்னும் இச்சொல் எம்போன்றார்க்கு நெடுங்காலமாகப் புகலிடமாய் இருந்து வருகின்றது. அன்றில் ஒருவகைப் பறவை. வேங்கை ஒருவகை மரம். காந்தள் ஒருவகைப் பூ. உரையாசிரியர் எழுதினார், எம் ஆசிரியர் சொன்னார், நாமும் 18 ஆண்டுகளாகச் சொல்லி வந்தோம். மாணவரும் அதனை அவ்வாறே எழுதிப் புள்ளி பெற்றனர். அன்றைய நாளும் அவ்வாறே கழிந்திருக்கும். ஆனால், பின்வரிசையிலிருந்து மெல்லிய குரலொன்று எழுந்தது.

"எங்கட ஊர்க் குளத்திலை கிடக்கு, சேர். கிழங்கு அவிச்சுச் சாப்பிடுறனாங்கள்."

அம்மாணவன் வன்னிப் பெருநிலத்துக் குளத்தோரக் கிராமம் ஒன்றிலிருந்து அண்மையில் எம் கல்லூரிக்கு வந்து சேர்ந்தவன். வந்த நாள்முதல் வகுப்பில் அவன் வாய்திறந்ததை நாம் கேட்டதில்லை. எழுத்திலும் மிகப் பின்தங்கியவன். வகுப்பில் எழுந்த சிரிப்பொலியை அடக்கும் நோக்கத்தோடு, "சரி, இரும்" என்று அவனை இருத்திவிட்டுச் செய்யுளின் பொழிப்பிற் புகுந்தோம். அவன் இருந்தான்; அந்தத் தவணை முழுதும் மீண்டும் பேசவில்லை.

அன்று மாலை நூல்நிலையத்தைப் பூட்ட வந்தபொழுது வெறுந்தொட்டி கண்ணிற் பட்டது. கொட்டியைக் கண்ணாற் கண்டவனை இருத்திவிட்டு, காணாத நாம் அதற்குப் பொருள் சொன்னோம் என்னும் நினைவு நெஞ்சிற் சுட்டது. அப்பொழுதே பிளாஸ்டிக் செடிகளைக் கைவிட்டோம். வேரூன்றி வளரும் உயிர்ச்செடிகளையே அத்தொட்டியில் வளர்ப்பதென முடிவுசெய்தோம்.

முதற் காரியம் மணல். மாணவர் சிலர் மகிழ்ச்சியோடு கடற்கரையிலிருந்து வெண்மணல் கொண்டுவந்தனர். விஞ்ஞான ஆசிரியை அதில் ஒரு கைப்பிடியைக் கிண்ணத்தில் இட்டுத் தேசிக்காயைப் பிழிந்தார். மணல் நுரைத்துப் பொங்கிற்று. "இது சிப்பித்தூள் கலந்த மணல், மாஸ்ரர். இதிலுள்ள கல்சியங் காபனேற்று மெல்லமெல்ல நீரிற் கரையும். எங்கள் கிணற்றுநீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவது, முன்னமே வன்னீர். இதையும் போட்டால் இன்னும் வன்மை கூடும்" என்றார். உப்பும் அதனோடு சேர்ந்திருக்கும். ஆகவே கட்டட வேலைக்கென ஏற்றிவந்த ஆற்றுமணலில் ஒரு பகுதியை அரித்தெடுத்தோம். தேசிப்புளிக்கு அது நுரைக்கவில்லை. வாளியில் இட்டுக் கலக்கிக் கலக்கி, ஊற்றும் நீர் தெளிந்து வரும்வரை கழுவினோம். 25 கிலோகிராம் மணலைக் கழுவ மூன்று பிற்பகல்கள் சென்றன.

கழுவிய மணலை முன்பக்கம் ஒன்றரை அங்குலமும் பின்பக்கம் மூன்று அங்குலமுமாகச் சரித்துப் பரப்பினோம். மணல் மிக ஆழமாயும் மிக நுண்ணியதாயும் இருப்பின் அது இறுகி, கீழே ஒட்சிசன் புகாத இடமாகும். அங்கே மணல் கறுத்து, அழுகிய முட்டை நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டு வாயு தோன்றும். செடிகளின் வேர்கள் தாம் பெற்ற ஒட்சிசனிற் சிறிதை மணலுள் விடுதலால் அதனை ஓரளவு தடுக்கும். எம் குளங்களிலே காணப்படும், கூம்புபோல் நீண்ட திருகுச் சுருள் ஓட்டையுடைய சிறு நத்தையும் பகலில் மணலுட் புதைந்து திரிந்து அதனை உழுதுகொடுக்கும்.

மணலைப் பற்றி நாம் அறிந்த பேருண்மை ஒன்றுண்டு: மணல் செடிக்கு உணவு அன்று. கழுவிய ஆற்றுமணல் பெரும்பாலும் சிலிக்கா. அதில் ஊட்டமில்லை, நீரில் வரும் ஊட்டத்தைப் பிடித்து வைக்கும் ஆற்றலும் அதற்கு மிகக் குறைவு. செடி நிலைகொள்ள இடந்தருவதே அதன் தொழில். எனவே, வேரால் உண்ணும் செடிகளுக்கு உலர்ந்த குளக்களியைச் சிறு உருண்டைகளாக்கி வேரடியில் ஆழப் புதைத்தோம். களிமண் ஊட்டங்களைப் பற்றிவைத்து வேருக்குச் சிறிதுசிறிதாகக் கொடுக்கும். எஞ்சிய ஊட்டத்தை மீன்கள் தருகின்றன. மீன் வெளிவிடும் அமோனியாவை மணலிலும் கற்களிலும் வாழும் பற்றீரியாக்கள் முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. செடிகள் அமோனியாவையும் நைத்திரேற்றையும் உறிஞ்சி இலையாக்குகின்றன. இப்பற்றீரியாக்கள் பெருகுதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். அதற்குமுன் மீன்களை நிறைய விட்டால் அவை மாளும். "மீன் எப்ப விடுறது, சேர்?" என்று நாடோறும் கேட்ட மாணவர்க்குப் பொறுமையைக் கற்பித்தது அந்த வெறுந்தொட்டியே.

இவ்வுறவை முறையாக ஆராய்ந்து வெளியிட்டவர் இலண்டனில் வாழ்ந்த இரசாயன அறிஞர் ரொபேட் வொரிங்டன். 12 கலன் கொள்ளும் கலமொன்றில் மணலும் சேறும் இட்டு, இரண்டு பொன்மீன்களையும் வலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் அவர் வளர்த்தார். செடி ஒட்சிசனைத் தந்தது, மீன்கள் வாழ்ந்தன. ஆயினும் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகி நீரைக் கெடுத்தன. அவர் நீர்நத்தைகள் சிலவற்றை விட்டார். அவை அழுகியதை உண்டன, நீர் தெளிந்தது. 1850ஆம் ஆண்டில் இதனை அவர் இரசாயனச் சங்கத்தார்முன் எடுத்துரைத்தார். ஒன்றன் கழிவு மற்றொன்றன் உணவாதலே அக்கலத்தின் வாழ்வுக்குக் காரணம். வெறுக்கத்தக்கதெனக் கருதிய நத்தையே அங்கு மூன்றாவது தூணாயிற்று.

2022ஆம் ஆண்டு சனவரியில் செடிகள் வந்தன. நாம் தேர்ந்தவை மூன்று. முதலாவது, வொரிங்டன் வளர்த்த அதே வலிஸ்னேரியா. அது நாடாப்போல் நீண்ட இலையுடையது; மணலினுள் ஓடுதண்டு விட்டுக் கன்றுகளை ஈனுவது. இரண்டாவது ஐதரில்லா. தலைகீழாக வைத்த புனலின்கீழ் வெயிலில் குமிழி எழுவதைக் காட்டி ஒளித்தொகுப்பை விளக்கும் பரிசோதனையால் மாணவர் யாவரும் அதனை அறிவர். மூன்றாவது, கிரிப்டோகொரைன் வென்ட்டியை என்னும் சிறு செடி. உலகிலே இலங்கையின் நீரோடைகளுக்கு மட்டுமே இயற்கையில் உரியது இச்செடி. ஒல்லாந்தத் தாவரவியலாளர் டி விற் 1958ஆம் ஆண்டில் இதனை விவரித்துப் பெயரிட்டார். இதன் இனப்பெயர் 'மறைந்த கதை' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களாலானது. இங்கே கதையென்பது வீமன் கையிலிருக்கும் கதாயுதம். சேம்பும் கருணையும் சேர்ந்த குடும்பத்தது ஆதலின் இதன் பூங்கதிர் கதைபோன்று மடலினுள் மறைந்திருக்கும். உலகின் பல நாடுகளிலும் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படும் இலங்கைச் செடி ஒன்றை இலங்கையராகிய நாம் அதுவரை கண்டதில்லை என்பதும் எமக்குப் புதிய நாணத்தையே தந்தது. ஓடைகளிலிருந்து பிடுங்கியவற்றை விடுத்து, வளர்ப்பகத்திற் பெருக்கிய ஆறு செடிகளை வாங்கினோம்.

நடுதலில் ஒரு நுட்பம் உண்டு. வேரை மணலில் ஆழ்த்திய பின், வேரும் இலையும் கூடும் கழுத்து மணலுக்கு மேலே தெரியும்படி மெல்ல உயர்த்திவிடல் வேண்டும். கழுத்துப் புதைந்தால் செடி அழுகும். சாமணத்தாற் பிடித்து நட்ட பின்னர், மணல் கலையாதவாறு ஒரு பீங்கான் தட்டை வைத்து அதன்மேல் நீரை ஊற்றினோம். விளக்கை நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் எரியவிட்டோம். ஒளி மிகுந்தால் செடிக்கு முன்னே பாசி தழைத்துக் கண்ணாடியை மூடிவிடும்.

பத்து நாள் கழிந்தன. வலிஸ்னேரியாவும் ஐதரில்லாவும் நிலைத்தன. எம் நாட்டுச் செடியாகிய கிரிப்டோகொரைனின் இலைகளோ கண்ணாடிபோல் வெளிறித் துளைபட்டு, கூழாகிக் கரைந்தன. பன்னிரண்டாம் நாள் இலையென்று சொல்ல ஒன்றும் இல்லை. ஏமாற்றப்பட்டோம் எனச் சினந்து, மூன்று செடிகளைப் பிடுங்கி எறிந்தோம். மற்றை மூன்றையும் பிடுங்குமுன் மணி அடித்தது, வகுப்புக்குச் சென்றுவிட்டோம். மறுநாள் அதனை மறந்தோம்.

அடுத்த மாதம் விஞ்ஞான ஆசிரியை எம்மை அழைத்து மணலைக் காட்டினார். எறியாது விட்ட இடங்கள் மூன்றிலும் ஊசிமுனைபோன்ற கபிலநிறத் தளிர்கள் எழுந்திருந்தன. அதன்பின்னரே காரணத்தைக் கற்றோம். வளர்ப்பகங்களில் இச்செடிகளை இலைகள் காற்றில் நிற்குமாறு ஈரநிலத்திற் பெருக்குதல் வழக்கம். காற்றில் விரிந்த இலை நீருள் வாழும் அமைப்புடையதன்று. நீரும் ஒளியும் திடீரென மாறுங்கால் செடி பழைய இலைகளைக் கரையவிட்டு, வேர்த்தண்டில் உயிரைத் தேக்கிவைத்து, புதிய இடத்துக்கேற்ற புதிய இலைகளை ஈனுகின்றது. செடி சாகவில்லை, இடம்பெயர்ந்திருந்தது. நாம் எறிந்த மூன்றும் உயிருள்ளவை.

அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் நாடெங்கும் மின்வெட்டு வந்தது. மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாதிருந்ததை அன்பர்கள் மறந்திரார். விளக்கில்லை, காற்றுக் குமிழி விடும் பொறியும் ஓடவில்லை. சாளர ஒளியே செடிகளைக் காத்தது. பகலில் செடிகள் மீன்களைக் காத்தன. விடியற்காலையில் மட்டும் கப்பி மீன்கள் நீர்மட்டத்தில் வாய்வைத்துத் தவித்தன. இரவிலே செடிகளும் ஒட்சிசனை உட்கொள்ளும் என்பதைப் பாடநூலிற் படித்திருந்தோம், அன்றே கண்டறிந்தோம். மீன்களிற் பாதியைக் கல்லூரிக் கிணற்றடித் தொட்டிக்கு மாற்றினோம். அங்கே அவை நுளம்புக் குடம்பிகளைத் தின்று நற்றொண்டு புரிந்தன.

இக்காலமெல்லாம் அந்தப் பின்வரிசை மாணவன் இடைவேளைகளில் நூல்நிலையத்துக்கு வருவான். நூல் எடுப்பதில்லை, தொட்டியின்முன் நிற்பான். ஆண்டிறுதி முன்னேற்ற அறிக்கையில் அவனுடைய தமிழ்ப்பாடத்துக்கு எதிரே, 'முன்னேற்றம் இல்லை' என எழுதிக் கையொப்பமிட்டோம். அவ்விரண்டு சொற்களை எழுத எமக்கு அரை நிமிடமும் செல்லவில்லை.

2023ஆம் ஆண்டில் ஒரு விடுமுறை கழிந்து வந்த முதல்நாள், அவன் ஈரச் சாக்குத்துண்டில் சுற்றிய பொதியொன்றை எம்முன் வைத்தான். உள்ளே சிறிய கிழங்குகள் ஐந்து இருந்தன.

"கொட்டி, சேர். குளம் வத்தேக்கை தோண்டினது. அண்டைக்கு நீங்கள் காணேல்லை எண்டியள்."

நாம் அவ்வாறு சொல்லவில்லை. 'ஒருவகை நீர்த்தாவரம்' என்றே சொன்னோம். அதன் பொருள் 'யாம் காணவில்லை' என்பதே என அவன் உணர்ந்திருந்தான். எம் மாணவருள் அச்சொல்லுக்கு நேர்ப்பொருள் கண்டவன் அவன் ஒருவனே.

"நீரே நடும், தம்பி" என்றோம். அவன் மணலில் விரலாற் குழிசெய்து, கிழங்கின் முளைப்பக்கம் மேலே தெரிய அமிழ்த்தி, ஒன்றுக்கொன்று சாண் இடைவெளி விட்டு நட்டான். மூன்று கிழமைக்குள் நீண்ட காம்புகள் எழுந்தன. இலைகள் நீர்மேற் படர்ந்து மிதந்தன. பின்னர் ஒற்றைக் கதிராக, சிறு பூக்கள் நெருங்கிய பூந்தண்டொன்று நீரைக் கடந்து நின்றது. தாவரவியலார் இதனை அப்பொனோகீற்றன் நாட்டான்ஸ் என்பர். 'நாட்டான்ஸ்' என்னும் இலத்தீன் சொல் மிதப்பது என்று பொருள்படும். வகுப்பு முழுவதையும் அழைத்து வந்து நிறுத்தி, மூதுரைச் செய்யுளை மீண்டும் படித்தோம். இம்முறை பொருள் சொன்னவன் அவன். குளம் வற்றும்பொழுது இலை கருகுவதையும், கிழங்கு சேற்றிற் கிடப்பதையும், மழைநீர் வந்ததும் முளைப்பதையும் தன் ஊர்மொழியிற் சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை.

சில மாதங்களின்பின் கொட்டியின் இலைகள் மஞ்சளித்து ஒவ்வொன்றாய் மறைந்தன. நீர் வற்றாத தொட்டியிலும் இக்குலச் செடிகள் பல தம் பருவம் வந்தால் ஓய்வு கொள்ளும் என்பதை நாம் அப்பொழுது அறியோம். வெறுமணல் கண்ணை உறுத்தியது. பார்வையாளர் வரவிருந்த ஒருநாள், அவ்விடத்திலே வேறு செடி நடுவோம் எனச் சாமணத்தை எடுத்தோம். அருகில் நின்ற அவன், "விடுங்கோ, சேர். கிழங்கு கிடக்கு" என்றான்.

சாமணத்தைக் கீழே வைத்தோம். முன்னொரு நாள் எறிந்த மூன்று செடிகள் நினைவுக்கு வந்தன. அதனோடு, அரை நிமிடத்தில் எழுதிய இரண்டு சொற்களும் நினைவுக்கு வந்தன. ஊரையும் குளத்தையும் பழகிய மொழிநடையையும் விட்டு வந்த பிள்ளை, புதிய நீரிலே பழைய இலைகளைக் கரையவிட்டு நின்ற காலத்தில், இலையைத் தேடிக் காணாது நாம் எழுதிய தீர்ப்பு அது. அவன் வேரைப் பற்றி யாம் ஒன்றும் கேட்டறிந்திலேம். ஒருமுறை அவனாகவே காட்ட வந்தபொழுதும் "சரி, இரும்" என்றோம்.

அன்று மாலை அவனை அழைத்து, "அந்த நாளில் உம்மைப் பேசவிடாமல் இருத்தியது எமது பிழை" என்று சொன்னோம். அவன் நாணித் தலைகுனிந்து, "அது பரவாயில்லை, சேர்" என்றான். அவ்வளவே. அறிக்கையில் எழுதியதை அழிக்க வழியில்லை. அது அவன் வீட்டிற்குச் சென்றுவிட்டது. ஆயினும் அந்நாள்முதல், ஒரு மாணவனுக்கு 'முன்னேற்றம் இல்லை' என எழுதுமுன், அவன் எங்கிருந்து வந்தான், எதனை அறிவான் என்று அவனையே கேட்டறிதலை வழக்கமாக்கினோம். கேட்ட பின்னர் அச்சொற்களை எழுதவேண்டிய தேவை அரிதாகவே வந்துள்ளது.

ஏழு கிழமைகளின்பின் கொட்டி மீண்டும் முளைத்தது.

இத்தொட்டியைக் கண்டு தம் இல்லத்திலும் இவ்வாறு அமைக்க விரும்பும் அன்பர்க்கு ஓர் எச்சரிக்கையும் கூறல் வேண்டும். மிகுதியாய் வளர்ந்த செடிகளை வெட்டி எடுத்தால் அவற்றைக் குளத்திலோ வாய்க்காலிலோ எறிதல் ஆகாது. நாம் அவற்றை உலர்த்திக் கல்லூரித் தோட்டத்தின் எருக்குழியில் இடுகின்றோம். ஆகாயத்தாமரை எனவும் ஆற்றுவாழை எனவும் வழங்கும் அயல்நாட்டுச் செடி அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு நீர்நிலைகளை மூடியமையால், அதனைத் தடுக்க 1909ஆம் ஆண்டிலேயே இலங்கையில் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றவேண்டி வந்தது. நாமும் பிறர்க்கு அவ்வாறே செய்துள்ளோம். 1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டிச் செடியாக இலங்கையிலிருந்து அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்குச் சென்ற ஐதரில்லா, அங்கே தொட்டியிலிருந்து வெளியேறி ஆறுகளையும் ஏரிகளையும் அடைத்தது. அதனை அகற்ற அந்நாட்டார் ஆண்டுதோறும் பெரும்பொருள் செலவிட்டு வருகின்றனர். தன் இடத்திலே நலமாய் நிற்கும் செடி, தடுப்பாரற்ற வேற்றிடத்திலே பெருந்துன்பமாதலும் உண்டு. வளர்ப்பவன் தொட்டியின் எல்லையையும் காத்தல் வேண்டும்.

கல்லூரிக்கும் அத்தொட்டிக்கும் யாம் காணும் ஒப்புமை ஒன்றுண்டு. ஆசிரியராகிய நாம் மாணவர்க்கு அறிவை ஊட்டுகின்றோம் எனப் பெருமை கொள்ளுதல் வழக்கம். ஊட்டுவன பலவாகும்: வீடு ஊட்டும்; ஊர் ஊட்டும்; நண்பர் ஊட்டுவர்; நூல் ஊட்டும்; சிலவேளை துன்பமும் ஊட்டும். எமது தொழில் பெரும்பாலும் மணலின் தொழிலே. வருகின்ற வேருக்கு இடம் விட்டு, அது பற்றும்வரை அசையாது பிடித்துக்கொண்டிருத்தல் வேண்டும். மணல் இறுகிவிட்டால் வேர் மூச்சின்றி அழுகும். நாடோறும் கிளறப்பட்டால் வேர் பற்றாது. இறுகாமலும் கலையாமலும் இருத்தல் எளிதன்று என்பதை அந்த 25 கிலோகிராம் மணல் எமக்குக் கற்பித்தது.

பழைய மாணவராகிய அன்பர்களே! உங்களிற் பலர் இம்மண்ணில் வேர்விட்டுப் பின் பல தேசங்களின் நீருக்கும் குளிருக்கும் இடம்பெயர்ந்தவர்கள். இலை கரைந்து நின்ற காலம் ஒவ்வொருவர்க்கும் இருந்திருக்கும். விழா நாட்களில் நீங்கள் நூல்நிலையத்துக்கு வரும்பொழுது, தொட்டியின் வலப்பக்க மூலையிலே செடி ஒன்றுமின்றி வெறுமணலைக் காணக்கூடும். கவனிப்பாரின்றி விடப்பட்ட இடம் என எண்ணாதிருப்பீர்களாக. கண்ணாடியின்மேல், அம்மாணவன் தன் கையால் எழுதி ஒட்டிய சிறு தாள் ஒன்று இருக்கும்: 'இங்கே கொட்டி கிடக்கிறது. தயவுசெய்து தோண்ட வேண்டாம்.'

அத்தாளில் எழுத்துப்பிழை ஒன்றேனும் இல்லை.